கூப்பிட்டால் வரும் வீடு

சிலுவைமணல் ஊர்ச்சனத்தையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய்க் கரிசப்பட்டி நூல்மில்லில் இறக்கிவிட்ட வருடம், ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் மஞ்சளாக அடித்த ஒரு காலையில், தொபியாசின் ஓலைவீடு அவனைத் தேடிக்கொண்டு வந்து மில்லின் கம்பிவேலிக்கு வெளியே நின்றது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த அக்னேஸ்தான் அதை முதலில் பார்த்தாள். கூரையில் கடல்மணல் ஒட்டியிருந்தது, வாசற்படி தேய்ந்து பாதியாகியிருந்தது, கம்பத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த மின்வயர் வால்போலப் பின்னால் கிடந்தது, அவ்வளவு தூரம் வந்த மூச்சு இன்னும் அடங்காததுபோல உள்ளே ஆணியில் மாட்டிய காலண்டர் ஆடிக்கொண்டே இருந்தது.

"தொபியாசு, ஒன் வீடு வந்திருக்குப்பா" என்று அக்னேஸ் கூப்பிட்டாள்.

தொபியாசின் மனைவி பிலோமி வாயில் பல்பொடியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "பூட்டிட்டுத்தான வந்தேன், யாரு தொறந்துவிட்டது?" என்றாள். வீடு எப்படி நடந்தது, காலாலா சக்கரத்தாலா என்று வரிசையில் நின்ற ஒருவரும் கேட்கவில்லை. லாரி வந்ததும் எல்லோரும் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்கள்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் அவர்கள் ஏன் வாயைப் பிளக்கவில்லை என்பது விளங்கும். சிலுவைமணலுக்குத் தெற்கே கடலை ஒட்டி அணு உலை நின்றது. உலை என்றால் அரிசி போடக் கொதிக்கும் தண்ணீர் என்று மட்டும் தெரிந்திருந்த ஊர், கொஞ்சம் கொஞ்சமாக இந்த உலைக்கும் பழகிக்கொண்டு, அதன் புகைக்கூண்டை அடையாளம் வைத்துப் படகைக் கரைக்குத் திருப்பும் அளவுக்கு வந்திருந்தது. ஆடிமாதத்து ஒரு மத்தியானம் அங்கே பெரிய ஆள் யாரோ தொண்டையைச் செருமியதுபோல ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். பிறகு சாரல் விழுந்தது. அக்னேஸ் காயப்போட்ட கருவாட்டின்மேல் தார்ப்பாயை இழுத்து மூடினாள். நாக்கில் ஆணியை வைத்ததுபோல ஒரு ருசி இருந்ததை அவள் கருவாட்டு உப்பு என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் போலீஸ் ஜீப் வந்து, இரண்டு நாளில் திரும்பிவிடலாம், மாற்றுத்துணி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னது. பஸ்களில் ஏறினார்கள். ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இறக்கி, உடுத்திய துணியை வாங்கி எரித்து, குழாயடியில் நிறுத்தித் தேய்த்துக் குளிப்பாட்டி, ஆண் பெண் எல்லோருக்கும் மொட்டை அடித்து, மாத்திரையை விழுங்கச் சொல்லி, கழுத்தில் ஒரு மீட்டரை வைத்துப் பார்த்தார்கள். சிலர் கழுத்தில் அது முனகியது, சிலர் கழுத்தில் கத்தியது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று தங்கள் மேல் இருக்கிறது, தொட்டால் தெரியாது, முகர்ந்தால் தெரியாது, ஆனால் ஒரு பெட்டி அதைப் பார்த்துக் கத்துகிறது என்பதை ஒத்துக்கொண்ட பிறகு, வீடு நடந்து வருவதை ஒத்துக்கொள்வது அவர்களுக்குப் பெரிய காரியமாக இல்லை.

மூடிக்கிடந்த நூல்மில்லின் பெரிய கொட்டகைகளைத் தகரத்தால் தடுத்து, குடும்பத்துக்கு ஒரு தடுப்பு கொடுத்திருந்தார்கள். அக்னேசின் தடுப்பில் அவளும், அவள் புருசன் சந்தியாகுவும், மகள் பிரின்சியும் இருந்தார்கள். உலை செருமியபோது பிரின்சி மூன்று மாதக் கர்ப்பிணி. அவள் மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் எங்கோ நடுக்கடலில் இருந்தான். மாமியார் வீட்டிலிருந்து ஆள்விட்டுச் சொல்லியிருந்தார்கள்: பிள்ளை பிறக்கட்டும், மீட்டர் வச்சுப் பாக்கட்டும், மத்ததை அப்புறம் பேசிக்கிடலாம். கரிசப்பட்டி டீக்கடையில் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர், மில்லில் இருந்து வந்தவர்களுக்குக் காகிதக் கப். கப்பைக் குடித்தவர்களே கசக்கி, கடைக்குப் பின்னால் தோண்டிய குழியில் போடவேண்டும்.

அந்த மில்லுக்குள் யாரும் உட்கார்ந்திருந்து யாரும் பார்த்ததில்லை. கடலில் நின்றே பழகிய ஆம்பிளைகள் வேலியோரமாக இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தார்கள். பொம்பிளைகள் சோற்றுத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே சாப்பிட்டார்கள். படுத்தால் உறக்கம் வரவில்லை, வந்த உறக்கமும் தகரத்தில் காற்று தட்டினால் எழுந்து போனது. சந்தியாகு நடந்து நடந்து வேலியோரம் புல் செத்து ஒரு தடம் விழுந்துவிட்டது.

தொபியாசின் வீடு வந்ததற்குப் பிறகு மற்ற வீடுகளும் வரத் தொடங்கின. ஓலைவீடுகள் கனமில்லாததால் ஆட்டுமந்தைபோலக் கூட்டமாக முன்னால் வந்தன, ஓட்டுவீடுகள் ஓடுகளை வழிநெடுக உதிர்த்துக்கொண்டு ஒன்றிரண்டாக வந்தன, வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய மச்சுவீடுகள் தூண் வெடித்து, மாடியில் தண்ணீர்த்தொட்டி சாய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியாக வந்தன. வழியில் சோதனைச்சாவடியில் போலீஸ்காரர் கையைக் காட்டியதற்கு நின்றன என்றும், அவர் டீ குடிக்கத் திரும்பிய நேரத்தில் ஓரமாக நழுவி வந்துவிட்டன என்றும் பால் வண்டிக்காரர் சொன்னார். கார்த்திகை பிறப்பதற்குள் மில்லைச் சுற்றி, தெரு இல்லாமல், வரிசை இல்லாமல், ஒரு ஊரே நின்றது.

பெருமாள்சாமி என்கிற பருத்தி விவசாயி துண்டை உதறிக்கொண்டு வேலிக்கு வந்தார். "ஏந் தாயி, ஒங்க வீடுக எம் பருத்தியில வந்து நிக்குதே, இது அடுக்குமா? ரெண்டு மச்சுவீடு, ஒரு சாய்ப்பு. செடியெல்லாம் நசுங்கிப்போச்சு."

"அதட்டுனா நகந்துக்கிடும்ணே" என்றாள் பிலோமி. "பேரைச் சொல்லி அதட்டணும். அந்த மச்சு, ஜெரோம் வீடு."

பெருமாள்சாமி திரும்பிப் போய், ஜெரோம் வீட்டைப் பார்த்து, பேரைச் சொல்லி, மாட்டை அதட்டுவதுபோல நாக்கைத் தட்டினார். அது நகரவில்லை. சொந்தக்காரன் குரலுக்குத்தான் வீடு நகரும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஜெரோம் வேலியில் ஏறி நின்று, "இந்தா, இங்கிட்டு வா" என்று கூப்பிட்டதும், அது பருத்தியைவிட்டு ஓடையோரத்துக்கு மெல்ல ஒதுங்கியது.

மீட்டர் வைத்துப் பார்க்கிற அதிகாரிக்குச் சொந்தப் பெயர் மதிவதனி. ஊர் அவளை மீட்டர் மேடம் என்றே கூப்பிட்டது. உடம்பை மூடும் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் அவள் போனாள், ஒவ்வொரு வாசலிலும் மீட்டர் கத்தியது. வேலியைத் தாண்டி யாரும் வீட்டுக்குப் பக்கத்தில் போகக்கூடாது, எதையும் எடுக்கக்கூடாது, தொடக்கூடாது என்று சொன்னாள். போலீஸ் நின்றது. அதனால் சனங்கள் சாயங்காலமானால் வேலியோரம் வந்து, அவரவர் வீட்டுக்கு எதிரே நின்று, கூப்பிடு தூரத்தில் பேசினார்கள். "மேக்குச் சுவரு இப்படி வெடிச்சிருக்கே, யார்ட்ட மோதுன?" என்றும், "கோழி முட்டையிட்டுச்சா?" என்றும், "ஏன் இப்படி எளச்சுப்போய் நிக்க?" என்றும் கேட்டார்கள். வீடுகள் அதற்கெல்லாம் கதவை மட்டும் லேசாக ஆட்டின. நடந்துகொண்டே இருந்த சனம் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் ஒரு இடத்தில் நின்றது.

அக்னேசின் வீடு வரவில்லை.

அது ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறை, மூன்று பத்தி, வைத்த ஓட்டுவீடு, அவள் வாழ வந்த வீடு. எல்லார் வீடும் வந்த பிறகும் வராததில் அவளுக்கு முதலில் கவலையும் அப்புறம் ரோசமும் வந்தது. பிறத்தியார் தங்கள் வீட்டோடு பேசும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

"நமக்கு மட்டும் என்ன, நாம அதுக்கு வெள்ளை அடிக்கலையா, ஓடு மாத்தலையா?" என்று சந்தியாகுவிடம் கேட்டாள்.

"வழி தெரியாம வேற எங்கயும் போயிருக்கும்" என்றார் அவர். "கடல் பக்கமா எறங்கிட்டோ என்னவோ."

மார்கழிப் பனியில் ஒரு காலையில் அது வந்தது. ஏன் தாமதம் என்று பார்த்தவுடன் தெரிந்தது: பின்சுவரோடு ஒட்டி வளர்ந்திருந்த முருங்கையை விட்டுவிட்டு வர அதற்கு மனமில்லை. வேரும் மண்ணுமாக மரத்தை முதுகில் இழுத்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து, பூவை வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்து, மற்ற வீடுகளை இடித்துத் தள்ளிக்கொண்டு நேரே அக்னேசின் தடுப்புக்குப் பின்னால் வேலியைத் தொட்டு நின்றது. அக்னேஸ் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "மூதேவி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா" என்று ஏசினாள். வீடு கதவை ஆட்டியது.

நிறைமாதத்துக்கு நெருங்கிக்கொண்டிருந்த பிரின்சி அழவும் இல்லை, ஏசவும் இல்லை, வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். மாதக்கணக்கில் உறங்காத கண். இரண்டு நாள் கழித்து மத்தியானச் சோற்றுக்குக் கூப்பிட வந்தால் அவளைத் தடுப்பில் காணவில்லை. குழாயடியில் இல்லை, கக்கூஸ் பக்கம் இல்லை, பிலோமி தடுப்பில் இல்லை. அக்னேஸ் வேலிப்பக்கம் ஓடினாள். கம்பி ஒரு இடத்தில் மடங்கியிருந்தது, வீட்டுக்கதவு சாத்தியிருந்தது.

அவள் போலீசைக் கூப்பிடவில்லை, மீட்டர் மேடத்தைக் கூப்பிடவில்லை, கம்பியில் சேலை கிழியக் கிழிய நுழைந்து போய்க் கதவைத் தள்ளினாள். நடுப்பத்தியில், சிமெண்டுத் தரையில், வெறும் பாயில், ஒருக்களித்து, வாய் லேசாகத் திறந்து, சின்னப்பிள்ளையில் உறங்குவதுபோல பிரின்சி உறங்கிக்கொண்டிருந்தாள். வயிறு அமைதியாக ஏறி இறங்கியது. வீடு முழுக்கச் சத்தமே இல்லை. ஓட்டிடுக்கில் விழுந்த வெயில்கூட அவள் முகத்தை விட்டு ஒதுங்கியே விழுந்தது. அந்த வாசலில் நின்ற அக்னேசுக்கும் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததும்தான் அவளுக்குப் பயம் வந்தது. மகளைத் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பி, இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எம்மா, கொஞ்ச நேரம்மா" என்றாள் பிரின்சி, கண்ணைத் திறக்காமலே. "இங்கதாம்மா உறக்கம் வருது. பிள்ளையும் உள்ள புரளாம கெடக்கு."

"ஏட்டி, அதுக்காக? வயித்துல இருக்கதுக்கு என்ன ஆகும்னு தெரியுமா ஒனக்கு?"

"ஒங்களுக்குத் தெரியுமா?"

அக்னேஸ் அவளை இழுத்துக்கொண்டு மேடத்திடம் போனாள். அன்றைக்கு மீட்டர் மேடம் பிரின்சியைக் குழாயடியில் நிறுத்திக் கழுவிக் கழுவிப் பார்த்தாள். ஒவ்வொரு கழுவலுக்கும் மீட்டரின் கத்தல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. மேடம் வெள்ளை உடுப்பின் தலைமூடியைக் கழற்றிவிட்டு, வேர்த்த முகத்தோடு அக்னேசுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பெரியவங்களுக்குக்கூடப் பொறுக்கும்மா. வயித்துல இருக்கற பிள்ளைக்குத்தான் ரொம்பப் பயம். இன்னொரு தடவை அவங்க அதுக்குள்ள போகக்கூடாது."

"வீட்டுக்கு என்னம்மா தெரியும்" என்றாள் அக்னேஸ். "தன் மேல என்ன ஒட்டிக்கிட்டிருக்குன்னு அதுக்குத் தெரியாது, பாவம். ஆளைக் காணோம்னு வந்து நிக்கிது."

வேலியை இரட்டையாகக் கட்டினார்கள். பிரின்சி மறுபடியும் போனாள். தடுப்பு வாசலில் அக்னேஸ் குறுக்கே படுத்தபோது, அவள் பின்பக்கத் தகரத்தைத் தூக்கி நுழைந்து போனாள். பிரின்சி மட்டுமில்லை. உறக்கம் கிடைக்கிற இடம் தெரிந்துவிட்டதால், ஒவ்வொருவராகக் கம்பியை மடக்கிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டில் படுத்துவிட்டு வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் கண் தெளிந்து, முகம் தெளிந்து இருந்தார்கள். மீட்டர் அவர்களைப் பார்த்துக் கத்தியது.

அரசாங்கம் ஓடைக்கு அப்பால் புறம்போக்கில் பெரிய பள்ளம் தோண்டியது. அடியில் கனத்த பிளாஸ்டிக் விரித்து, களிமண் போட்டு, ஒரு பக்கம் சரிவாக வழி வைத்தது. கிரேன் கொண்டுவந்து முதல் வீட்டைத் தூக்கப் பார்த்தார்கள். சண்டி மாடு படுத்துக்கொள்வதுபோல வீடு தரையோடு அமுங்கியது, சங்கிலி அறுந்தது. அதற்கு மேல் மீட்டர் மேடம்தான் கொட்டகைக்கு வந்து, எல்லோரையும் கூட்டி, சொல்ல முடியாமல் சொன்னாள்: "நீங்க கூப்பிட்டாத்தான் வரும். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வீட்டைக் கூப்பிட்டுப் பள்ளத்துல இறக்கி விடணும்."

கொட்டகை கொந்தளித்தது. "நம்பி வந்த சீவனைக் குழியில எறக்கச் சொல்லுதியளா?" என்று ஜெரோம் கத்தினான். "உலைக்காரன் செஞ்ச வினைக்கு வீட்டைப் பொதைக்கணுமோ?" என்றாள் பிலோமி. ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருக்கும்போது அக்னேஸ் எழுந்தாள். "எங்க வீட்டை நான் கூப்பிடுதேன்" என்றாள்.

சந்தியாகு அவளைப் பார்த்தார். "ஏளா, ஒனக்குக் கிறுக்கா?"

"ஒங்க மக அங்க போகாம இருக்கணும்னா அது அங்க இருக்கக்கூடாது."

"எங்கம்மா உசிரு விட்ட வீடுளா அது. இவ பொறந்த வீடு."

"இவ பிள்ளை பொறக்கணும்ங்க" என்றாள் அக்னேஸ்.

சந்தியாகு அதற்குமேல் பேசவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அப்புறமும் பேசவில்லை. பிலோமி அவள் பக்கம் காறித் துப்பினாள்.

மறுநாள் காலையில் அக்னேசுக்கும் வெள்ளை உடுப்பைப் போட்டுவிட்டார்கள். அவள் வேலியைத் தாண்டிப் போய், "வா" என்றாள். வீடு அசையவில்லை. அந்த உடுப்புக்குள் இருப்பது யார் என்று அதற்குத் தெரியவில்லை. அவள் தலைமூடியைக் கழற்றினாள். மேடம் தடுக்க வந்தவள், தடுக்காமல் நின்றுகொண்டாள். மொட்டைத்தலையில் குட்டையாக நரைமுடி முளைத்த அந்த முகத்தை வீடு அடையாளம் கண்டுகொண்டது. முருங்கையை இழுத்துக்கொண்டு புறப்பட்டது.

அவள் முன்னால் நடந்தாள், வீடு பின்னால் வந்தது. மற்ற வீடுகள் ஒதுங்கி வழிவிட்டன. ஓடையில் இறங்க அது தயங்கியபோது, "பள்ளம்தான், பாத்து வா" என்றாள். கல்லில் இடித்தபோது, "வலிக்குதா" என்றாள். தன் குரல் அவ்வளவு சாதாரணமாக வருவது அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை. மில்லுக்குள் இருந்த சனம் முழுக்க வேலியில் அப்பிக்கொண்டு பார்த்தது. பள்ளத்தின் சரிவில் அவள் முன்னால் இறங்கினாள், அதுவும் இறங்கியது. அடியில் போய் நின்று, "இங்க இரு" என்றாள். இருந்தது. உள்ளே போகவேண்டாம் என்று மேலிருந்து மேடம் கையைக் காட்டினாள். அவள் போகவில்லை. வாசல்நிலையில் உள்ளங்கையை வைத்தாள், எடுத்தாள், திரும்பிச் சரிவில் ஏறத் தொடங்கினாள்.

பின்னால் மண் சரியும் சத்தம் கேட்டது. திரும்பினால், வீடும் ஏறிவந்துகொண்டிருந்தது. அவளைக் கண்டதும் நின்றது. அவள் இறங்கிப் போய் மறுபடியும் இருத்திவிட்டு ஏறினாள், மறுபடியும் வந்தது. அதட்டினாள், கெஞ்சினாள், ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து ஓங்கினாள். ஓங்கிய கைக்கு நேராக வந்து நின்று கதவை ஆட்டியது. மேலே மண்தள்ளும் வண்டி உறுமிக்கொண்டு காத்திருந்தது.

சிலுவைமணல் கரையில் யாரும் யாரிடமும் போகிறேன் என்று சொல்வதில்லை. கடலுக்குப் போகிறவனும், சந்தைக்குப் போகிறவளும், கட்டிக்கொடுத்து அனுப்பும் பெண்ணும், வாரேன் என்றுதான் சொல்லவேண்டும். பஸ் ஏறிய அந்தச் சாயங்காலம் அக்னேசும் கதவைப் பூட்டிவிட்டு, பழக்கதோசத்தில், வீட்டைப் பார்த்து வாரேன் என்றுதான் சொல்லியிருந்தாள். அவள் மண்ணாங்கட்டியைக் கீழே போட்டாள். வீட்டுக்கு நேரே நின்றாள்.

"நான் போறேன்" என்றாள்.

வீடு கதவை ஆட்டுவதை நிறுத்தியது. அப்புறம் பின்வாங்கிப் போய், பள்ளத்தின் அடியில், கர்ப்பிணி கையூன்றி உட்காருவதுபோல மெல்ல உட்கார்ந்தது. கதவைத் தானே சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் வேலியில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

அந்த வாரத்தில் பாதி வீடுகள் பள்ளத்தில் இறங்கின. பிலோமியும் அழுதுகொண்டே கூப்பிட்டு இறக்கினாள். மீதிப்பேர் மாட்டேன் என்றார்கள். அவர்களுடைய வீடுகள் காத்திருந்து பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக வந்த வழியே கிழக்கே திரும்பிப் போயின. ஜெரோம் தன் வீட்டோடு கூடவே போய்விட்டான், அவனைப் பற்றி அப்புறம் தகவல் இல்லை. பெருமாள்சாமி அடுத்த பட்டத்துக்கு உழுதபோது கொழுவில் சிலுவைமணல் ஓட்டுத்துண்டுகள் சிக்கின. அவற்றை வேலியோரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

தைமாதக் கடைசியில் பெரியாஸ்பத்திரியில் பிரின்சிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. கையும் காலும் விரலும் சரியாக இருந்தன. மீட்டர் மேடம் தானே வந்து பிள்ளையின் கழுத்தில் மீட்டரை வைத்தாள். அது சின்னதாக முனகியது. இது பெரிசா சின்னதா என்று அக்னேஸ் கேட்டாள். இப்போது சொல்ல முடியாது, வருசா வருசம் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். எத்தனை வருசம் என்று கேட்டதற்கு அவர் பிள்ளையின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

பிள்ளைக்கு உறக்கம் வரவில்லை. தொட்டிலில் போட்டால் அழுதது, மடியில் போட்டால் அழுதது, தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் மட்டும் கண்ணை மூடியது, நின்றால் விழித்தது. பிரின்சி நடந்தாள், அவள் ஓய்ந்தால் சந்தியாகு நடந்தார். ஒருநாள் வெயில் தாழ்ந்த நேரத்தில், வேலியோரத் தடத்தில் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் போய் வந்தவர், கால் கடுத்து, தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்த அக்னேசின் முன்னால் நின்றார். கொட்டகையில் கூட்டம் நடந்த நாளிலிருந்து அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளை சிணுங்கத் தொடங்கியது.

"குடத்தைக் கீழ வையிளா" என்றார் சந்தியாகு. "எனக்கு முடியல. இனி நீ நட."

அக்னேஸ் குடத்தை இறக்கி வைத்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள்.